நாலு மணிக்கு எழும்பியும் ஏன் இந்தக் களைப்பு?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவும். கேட்டவர் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் 36 வயதுப் பெண். அலுவலக வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், படுக்கும்போது இரவு பதினொன்றரை. ஒரு காணொளியைப் பார்த்து, ஐப்பசி கடைசியிலிருந்து "ஆயுர்வேதக் காலை ஒழுங்கு" தொடங்கியிருக்கிறார். நாலு மணிக்கு எழும்பி, செப்புச் செம்பில் வைத்த ஒரு லீற்றர் தண்ணீர், இருபது நிமிடம் நல்லெண்ணெய் கொப்பளிப்பு, உடம்பு முழுக்க எண்ணெய், ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சி, பிறகு கிணற்றுத் தண்ணீரில் தலைமுழுக்கு. இப்போது தடிமன், தலைப்பாரம், பகலெல்லாம் களைப்பு. காணொளிக்காரரோ "கழிவு வெளியேறுகிறது, விடாமல் செய்யுங்கள்" என்கிறாராம். சீனி வருத்தமும் பிரசரும் உள்ள அம்மாவும் பார்த்துப் பார்த்துத் தானும் தொடங்கிவிட்டார். "எதை எந்த ஒழுங்கில் செய்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்டபடி உங்கள் உண்மையான கேள்வி வேறு: எல்லாவற்றையும் சொன்னபடி செய்தும் உடம்பு மறுக்கிறதே, பிழை என்னிலா, முறையிலா?

நான் யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் படித்து, திருகோணமலையில் நெடுங்காலமாக நோயாளரைப் பார்த்துவருபவன். சித்த வைத்தியன் ஆயுர்வேதம் பற்றி ஏன் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே குடைக்குள்தான் வைத்திருக்கிறது. படிக்கும்போதும் இரண்டு மரபு நூல்களையும் புரட்டாமல் தப்ப முடியாது. நீங்கள் செய்யும் ஒழுங்கின் மூலம் வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல், அதில் சூத்திர ஸ்தானம் என்ற பகுதி, இரண்டாம் அத்தியாயம். மற்ற இரண்டு மூல நூல்களான சரகரின் சரக சம்ஹிதையில் சூத்திர ஸ்தானத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலும், சுசுருதரின் சம்ஹிதையில் சிகிச்சை ஸ்தானத்தின் 24ஆம் அத்தியாயத்திலும் இதே விசயம் வருகிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து உங்கள் காணொளியின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும். நூலில் ஏறக்குறைய ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் "இன்னாருக்கு ஆகாது" என்று ஒரு விலக்கு இருக்கிறது. காணொளியில் செயல் மட்டும் வந்திருக்கிறது, விலக்கு உதிர்ந்துபோயிருக்கிறது. உங்கள் தடிமனுக்கும் களைப்புக்கும் பதில் அந்த உதிர்ந்த பகுதியில்தான் கிடக்கிறது.

எழும்பும் நேரத்திலேயே தொடங்கலாம். "ஆரோக்கியமானவன் தன் ஆயுளைக் காக்க பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும்" என்பது வாக்படரின் முதல் வரி. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம், பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்குகிறது. திருகோணமலையில் உதயம் வைகாசியில் 5.45 அளவிலும், தை மாதக் கடைசியில் 6.25 அளவிலும் வரும். எனவே நீங்கள் எழும்பும் நாலு மணி எந்த மாதத்திலும் கொஞ்சம் முந்திவிட்டது, இந்த மாரி காலத்தில் நன்றாகவே முந்திவிட்டது. அது சின்ன விசயம். பெரிய விசயம் "ஆரோக்கியமானவன்" என்ற நிபந்தனை. அதோடு இரவு சாப்பிட்டது செமித்ததா இல்லையா என்று பார்த்து எழும்பும்படி சொல்லும் பாடமும் உண்டு. பத்து மணிக்குப் பிள்ளைகளோடு கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கண் விழிப்பவருக்கு அந்த விதியே பொருந்தாது.

நித்திரை பற்றி அதே வாக்படர் ஏழாம் அத்தியாயத்தில் சொல்வதை யாரும் காணொளியாகப் போடுவதில்லை. இரவு பழக்கமில்லாமல் கண்விழிக்க நேர்ந்தால், விழித்த நேரத்தில் பாதியளவு மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு தூங்கு என்கிறார். கடலுக்குப் போய்வரும் தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி செய்யும் தாதிக்கும் நான் இதைத்தான் சொல்லி அனுப்புவேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் நாலரை மணித்தியாலம். எந்த மரபு மருத்துவமானாலும் நவீன மருத்துவமானாலும், ஒரு வளர்ந்த ஆளுக்கு அது போதாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பத்து மணிக்குப் படுக்க முடிந்தால் ஐந்துக்கு எழும்புங்கள். முடியாவிட்டால் ஆறு மணிக்கு எழும்பினாலும் பாவமில்லை.

அடுத்தது தண்ணீர். விடியலில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் வாக்படரின் காலை அத்தியாயத்தில் இல்லை. அது பாவப்பிரகாசம் என்ற பிற்கால ஆயுர்வேத நூலில் வருகிறது, உதயத்துக்கு முன் எட்டு உள்ளங்கை அளவு என்று. வாக்படரோ, சரத் காலமும் (மழைக்குப் பின்வரும் பருவம்) கோடையும் தவிர மற்றக் காலங்களில் ஆரோக்கியமானவன்கூடத் தண்ணீரைக் கொஞ்சமாகவே குடிக்க வேண்டும் என்கிறார். ஆக மரபுக்குள்ளேயே இரண்டு குரல் இருக்கிறது. என் நடைமுறை: எழும்பியதும் தாகத்துக்கு ஏற்ற அளவு, இந்தக் குளிர்காலத்தில் இளஞ்சூடாக, ஒரு கோப்பை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதைவிடக் கூடக் குடிக்கலாம். செம்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க நின்ற தண்ணீரில் சில கிருமிகள் குறைவது ஆய்வுகூடங்களில் காட்டப்பட்ட விசயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதனால் மூட்டு நோவு போகும், எடை குறையும் என்பதெல்லாம் பாத்திரம் விற்பவர் பேச்சு. அந்தச் செம்புக்குள் மட்டும் தேசிக்காய்ப் புளி விட்டு வைக்காதீர்கள், புளி செம்பை அரித்துத் தண்ணீருக்குள் கொண்டுவரும்.

பல் விளக்குவதில் நூல்கள் அழகாகப் பேசுகின்றன. பன்னிரண்டு விரல் நீளம், சுண்டுவிரல் பருமன், கணுவில்லாத குச்சி; நுனியை மென்று தூரிகையாக்கி, முரசு நோகாமல் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும். துவர்ப்பு, கார்ப்பு, கைப்புச் சுவையுள்ள மரங்கள் என்று வாக்படர் எருக்கு, ஆல், கருங்காலி, புங்கு, மருது ஆகியவற்றைச் சொல்கிறார். வேம்பு அந்த வரியில் இல்லை, கைப்பில் வேம்பே சிறந்தது என்று சொன்னவர் சுசுருதர். எருக்கை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதன் பால் வாயைப் புண்ணாக்கும். வேப்பங்குச்சி நல்லது, ஆனால் சூத்தைப் பல்லைத் தடுப்பதில் புளோரைட் உள்ள பற்பசைக்கு இருக்கும் உறுதியான ஆதாரம் குச்சிக்கு இல்லை. ஆகவே பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இருக்கட்டும், குச்சி வேண்டுமானால் அதோடு சேரட்டும். உமிக்கரியையும் உப்பையும் போட்டு உரஞ்சும் பழக்கம் கிராமங்களில் இன்னும் உண்டு. பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும், விட்டுவிடுங்கள். நாக்கு வழிப்பதைத் தாராளமாகச் செய்யலாம். பொன், வெள்ளி, செம்பு, பித்தளை என்று சரகர் அடுக்குகிறார். நம் அப்புமார் தென்னை ஈர்க்கைப் பிளந்து வளைத்து அதே வேலையைச் செய்தார்கள். பின்பக்கமிருந்து முன்னே மெதுவாக இரண்டு மூன்று தரம், இரத்தம் வருமளவு சுரண்டக்கூடாது. வாய் நாற்றம் குறையும் என்பது நிச்சயம்.

எண்ணெய் கொப்பளிப்பைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நூல்களில் இதற்கு இரண்டு வடிவம் உண்டு. வாய் நிறைய எண்ணெயை அசைக்காமல் வைத்திருப்பது ஒன்று, குறைவாக எடுத்துச் சுழற்றிக் கொப்பளிப்பது மற்றது. தாடை உறுதி, குரல் வளம், பல் கூச்சமின்மை, உதடு வெடிக்காமை ஆகியவற்றைச் சரகர் பலனாகச் சொல்கிறார். எவ்வளவு நேரம் என்றால், மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லவில்லை. வாயில் நீர் நிறைந்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வரத் தொடங்கும்போது துப்பிவிட வேண்டும். பலருக்கு அது சில நிமிடங்களிலேயே வந்துவிடும். இருபது நிமிடக் கணக்கும், இரத்தத்திலுள்ள நஞ்சை எண்ணெய் உறிஞ்சி எடுக்கும் என்ற கதையும் பழைய நூலில் இல்லாதவை. துப்பும்போது எண்ணெய் வெள்ளையாக வருவது நஞ்சினால் அல்ல, எச்சிலோடு கடைந்தால் எந்த எண்ணெயும் அப்படித்தான் வெளுக்கும். பல்லில் படியும் அழுக்கும் வாயிலுள்ள கிருமியும் ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய அளவில் உறுதிப்படவில்லை. ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: எண்ணெய் புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும், அப்படிப் பதிவான நோயாளர்கள் உண்டு. இருமலும் மூக்கடைப்பும் உள்ள நேரத்தில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். இப்போது உங்களுக்கு அந்த நேரம்.

கண்ணுக்கு மை, மூக்குக்குத் துளி, மூலிகைப் புகை, வெற்றிலை எல்லாமே நூலின் காலைப் பட்டியலில் உண்டு. இவற்றில் நீங்கள் தொடங்காதவற்றைத் தொடங்க வேண்டாம். கடையில் வாங்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை. மூக்குத் துளி வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. தேரையர் என்ற சித்தரின் மரபில்கூட அது தினசரி இல்லை, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான். வெற்றிலையைப் பொறுத்தவரை நூலை மீறுவதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வாக்படர் இன்று இருந்தால் தானே வெட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி எண்ணெயும் குளிப்பும். உங்கள் தடிமனின் வேர் இங்கேதான் என்பது என் ஊகம். தினமும் எண்ணெய் பூச வேண்டும், அது முதுமையையும் களைப்பையும் வாதத்தையும் நீக்கும் என்கிறார் வாக்படர். தலை, காது, பாதம் மூன்றையும் தனியாகச் சொல்கிறார். மூச்சு விடாமல் அடுத்த வரியிலேயே, கபம் கட்டியவர், வாந்தி பேதி மருந்தெடுத்துச் சுத்தி செய்துகொண்டவர், செரிமானமில்லாதவர் எண்ணெய் பூசக்கூடாது என்றும் சொல்கிறார். குளிப்புக்கும் அப்படியே: முகவாதம், கண் காது வாய் நோய், வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், பீனசம், செரியாமை உள்ளவருக்கும் சாப்பிட்ட உடனேயும் குளிப்பு ஆகாது. பீனசம் என்பது உங்களுக்கு இப்போதிருக்கும் மூக்கடைப்பும் நீர்க்கோவையும்தான். அதாவது உங்கள் மூக்கு ஒழுகத் தொடங்கிய நாளன்றே நூல் உங்களை நிறுத்தச் சொல்லிவிட்டது.

தமிழ்ச் சித்த மரபு எண்ணெயில் இன்னும் சிக்கனம். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நாலு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு என்றும், எண்ணெய் வைத்தால் வெந்நீரில் குளி என்றும் சொல்கிறது. வாக்படர் சூட்டையும் பிரித்துப் பார்க்கிறார்: கழுத்துக்குக் கீழே வெந்நீர் பலம் தரும், தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கெடுதல். (கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக உச்சியில் ஊற்றிக்கொள்ளும் சனத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) இரண்டையும் சேர்த்து நான் சொல்வது: உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு. கார்த்திகை மார்கழி வாடைக் காற்றில், விடியற்காலை, எண்ணெய்த் தலையில் கிணற்றுத் தண்ணீர் என்பது இரண்டு மரபிலும் இல்லாத புது முறை. வெள்ளி சனி என்று கிழமை பார்ப்பது வீட்டுப் பழக்கம், அதை மருந்துவிதியாக எடுக்க வேண்டியதில்லை. உங்களைப் போன்றவருக்கு லீவு நாளில் வெயில் ஏறிய பிறகு முழுகுவதே வசதி. எண்ணெயைப் போக்கப் பயற்றம்மா போதும், தலைக்கு அரப்பு கிடைத்தால் நல்லது. மற்ற நாட்களில் உச்சியிலும் உள்ளங்காலிலும் சில துளி தேய்த்தால் மூன்று நிமிட வேலை. தேய்த்த காலோடு மாபிள் தரையில் நடக்கும்போது கவனம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா என்றால் சரகர் எள்ளெண்ணெய்ப் பக்கம். இந்தக் குளிருக்கும் அதுவே எனக்குப் பிடிக்கும், கோடையில் தேங்காயெண்ணெய்.

உடற்பயிற்சிக்கு நூல் வைக்கும் அளவு "பாதி பலம்". நெற்றி, மூக்கு, அக்குள் வியர்த்து, மூச்சு வாயால் வரத் தொடங்கினால் பாதி பலம் செலவாகிவிட்டது, நிறுத்து என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பாதி பலம்கூடக் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் சொன்னது, மற்றக் காலத்தில் அதைவிடக் குறைவு. மழைக் காலத்தில் உழைப்பைத் தவிர் என்று பருவ ஒழுக்க அத்தியாயம் சொல்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த நூல்கள் எழுதப்பட்ட இடத்தில் மழை ஆனி ஆடியிலிருந்து பெய்யும், எங்களுக்கோ ஐப்பசியிலிருந்து தை வரை. மாதப் பெயரைவிட்டு மழையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி, எல்லா வைத்தியரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் கட்சிப்படி நீங்கள் தொடங்கியதே பிழையான பருவத்தில். அளவு மிஞ்சிய பயிற்சியையும் இரவு விழிப்பையும் வாக்படர் ஒரே சுலோகத்தில் சேர்த்து, யானையை இழுக்கப்போன சிங்கம்போல அந்த ஆள் அழிவான் என்கிறார். நீங்கள் இரண்டையும் ஒரே காலையில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

"கழிவு வெளியேறுகிறது" என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. தினசரி ஒழுக்கம் நோய் வராமல் காக்கச் சொன்னது. அதைச் செய்தால் முதலில் தடிமனும் களைப்பும் வரும், பொறுத்துக்கொள் என்று மேலே சொன்ன அத்தியாயங்களில் எங்கும் இல்லை. வாந்தி, பேதி போன்ற சுத்தி சிகிச்சைகள் வேறு வகை, அவை வைத்தியர் மேற்பார்வையில் நடப்பவை, அங்கேகூட அளவு மிஞ்சியதற்கான அறிகுறிகளை எழுதி வைத்து உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். எந்தக் கெடுதலையும் நல்லதற்கு அடையாளமாகக் காட்டும் ஆளிடம் எப்போது நிறுத்துவது என்று கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது.

ஆகவே நாளையிலிருந்து: தடிமன் முழுதாக விடும்வரை எண்ணெய், கொப்பளிப்பு, தலைமுழுக்கு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெந்நீரில் மேல் கழுவுங்கள், கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடியுங்கள், நித்திரையைக் கூட்டுங்கள். சுகமான பிறகு, எழும்புதல், மலசலம், பல், நாக்கு, ஒரு கோப்பை வெந்நீர், உச்சிக்கும் காலுக்கும் எண்ணெய், இருபது நிமிட நடை, குளிப்பு, பசித்த பிறகு சாப்பாடு. மழை விட்ட காலையில் உப்புவெளிக் கடற்கரை மணலில் நடப்பதைவிட நல்ல பயிற்சி உங்களுக்குத் தேவையில்லை. பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் நடையை விட நேர்ந்தால் பின்னேரம் நடவுங்கள். நித்திரையை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். நன்றாகத் தூங்கியும் இரண்டு கிழமைக்கு மேல் களைப்பு நீடித்தால், அல்லது காய்ச்சல், மூச்சுமுட்டு வந்தால், எழுத்தில் பதில் தேடாமல் நேரில் போங்கள். உங்கள் வயதுப் பெண்களில் இரத்தச் சோகையும் தைரொயிட் குறைவும் இதே மாதிரிக் களைப்போடுதான் வரும். நாடி பார்த்து நான் ஊகிப்பதைவிட இரத்தப் பரிசோதனை அதைத் தெளிவாகச் சொல்லும்.

அம்மாவின் விசயம்தான் எனக்கு அவசரமாகப் படுகிறது. ஒரு லீற்றர் தண்ணீரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நீண்டநாள் சீனியும் பிரசரும் உள்ளவருக்குச் சிறுநீரகமும் இதயமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகே தண்ணீர் அளவு தீர்மானிக்க வேண்டும், அதைக் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு உடற்பயிற்சி செய்தால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம், அவர் ஏதாவது சாப்பிட்ட பிறகு நடக்கட்டும். காலுக்கு எண்ணெய் தேய்ப்பது அவருக்கு நல்லதுதான், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகும். தேய்ப்பதை நீங்களே செய்துவிடுங்கள். அவருக்கு நோ தெரியாத சிறு காயமோ கொப்புளமோ உள்ளங்காலில் இருந்தால் அப்போது உங்கள் கண்ணில் படும், அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.